மேலூற்றுக் கண்ணி

வனக்குழுத் தலைவி என்ற பதவியைச் சென்னம்மாள் தேடிப் போகவில்லை. அதுதான் ஜீப்பில் ஏறி அவளைத் தேடி வந்தது. 1997ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு பிற்பகல், வனத்துறையைச் சேர்ந்த நான்கு பேர் ஆலத்தூர் நாடு என்னும் மலைப்பகுதியின் கடைக்கோடியில் இருந்த வேலாம்பாறைக்கு வந்து, மாரியம்மன் கோயில் வாசலில் ஊராரைக் கூட்டி உட்கார வைத்தார்கள். ஊருக்கு ஊர் ஒரு குழு அமையப்போகிறது என்றார்கள். கன்று நடுவது, தடுப்பணை கட்டுவது, காட்டில் தீப்பற்றினால் அணைப்பது, வேட்டை நடந்தால் தகவல் சொல்வது ஆகிய யாவும் இனி அக்குழுவின் பொறுப்பு என்றும் விளக்கினார்கள்.

தலைவராக யார் இருப்பது என்று கேட்டவுடன், ஆண்கள் அனைவரும் தத்தம் கால் விரல்களை ஆராயத் தொடங்கினார்கள். தகவல் சொல்வதென்றால் யாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கண்ணி வைப்பவன் வேற்றூரிலிருந்து வருவதில்லை.

"நம்ம சென்னம்மாளப் போட்டுருங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. ஒண்டிக்கட்டை, வேலையும் கம்மி," என்றார் ஊர்க்கவுண்டர் அருணாசலம்.

"ஏனுங்க மாமா, என்ற ரெண்டு ஏக்கரா சாமைக்காட்டுக்கு நீங்களா வந்து களை வெட்டுறீங்க?"

கூட்டம் சிரித்தது. அச்சிரிப்பு அடங்குவதற்குள் அதிகாரி அவளுடைய பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டார்.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. தாய் இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. தம்பி குப்புசாமிக்கு இரண்டு. பள்ளியை விட்டுவிட்டு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தாள். அடுத்த முகட்டில் வாழ்க்கைப்பட்டபோதும் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். கணவன் காய்ச்சலில் இறந்த பிறகு வேலாம்பாறைக்குத் திரும்பி, தம்பிக்கு மாதம்மாளை மணமுடித்து, அவர்கள் வீட்டை ஒட்டியே ஒரு வீடு கட்டிக்கொண்டாள். பிள்ளையில்லாத அவளுக்கு அவன் தம்பி மட்டும் அல்லன் என்பது ஊரறிந்த செய்தி.

வேண்டாவெறுப்பாக ஏற்ற பதவியாயினும், வேலையை அவள் அவ்வாறு செய்யவில்லை. பெண்களைத் திரட்டிச் சரிவுகளில் கன்று நட்டாள். மாசியில் காய்ந்த புல்லுக்கு யாரும் தீ வைக்காமல் காவல் இருந்தாள். ஓடையில் கல் அடுக்கித் தடுப்பணை கட்டியபோது, சட்டி சுமக்கும் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். தட்பவெப்பம் மாறிக்கொண்டிருக்கிறது என்று கூட்டத்தில் ஓர் அதிகாரி சொன்னபோது, அந்தச் சொல்லைத்தான் அவள் புதிதாகக் கேட்டாள். பொருள் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பங்குனி வரை வாசலில் நின்ற பனிமூட்டம், இப்போது தை முடிவதற்குள் விடைபெற்றுக்கொண்டது. மிளகுக்கொடி பூக்கும் பருவத்தில் வாடியது. 2000இல் மழை பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு தொடங்கவே இல்லை. சாமையும் தினையும் கைவிட, எந்த வறட்சியையும் தாங்கும் குச்சிக்கிழங்கு என்ற மரவள்ளியைச் சரிவின் உச்சிவரை, காட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஊரார் நட்டார்கள். காட்டுப்பன்றிகள் கிழங்கைத் தேடி வந்தன. கரடிகள் பலாப்பழத்தைத் தேடியும் தண்ணீரைத் தேடியும் வந்தன.

2002ஆம் ஆண்டு ஆனியில், பலா மரத்தடியில் பழம் பொறுக்கப் போன ராமாயியின் முகத்தில் ஒரு கரடி அறைந்தது. உயிர் பிழைத்தாள், ஒரு கண் போயிற்று. அதன்பின் கரடிக்காக இரங்கிப் பேச ஊரில் ஒருவரும் இல்லை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்புக் கரடிக்கும் சட்டத்தில் உண்டு என்றும், அருகிவரும் அவ்விலங்கைக் கொன்றவர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருக்க நேரும் என்றும் சென்னம்மாள் சொன்னபோது, "ராமாயி கண்ணுக்குச் சட்டத்துல என்ன இருக்குதுன்னு கேட்டுச் சொல்லு தலைவி," என்றான் ஒருவன்.

2003ஆம் ஆண்டு சித்திரையில், மழை வேண்டி மாரியம்மனுக்கு விழா எடுப்பதென்று ஊர் முடிவு செய்தது. வேலாம்பாறை விழாவில் எல்லை கட்டுவதே தலையாய சடங்கு. ஊரின் நான்கு மூலைகளிலும் நான்கு ஊற்றுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நீர் மொண்டு, மஞ்சள் கலந்து, அந்த இடத்தில் தெளித்துக்கொண்டே ஊரைச் சுற்றி வருவார்கள். சுற்று முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்டிக்கொள்வார். அந்த மஞ்சள் கயிற்றை உடன்பிறந்தவர் கட்ட வேண்டும். எட்டாம் நாள் கட்டியவரே அவிழ்க்க வேண்டும். அதுவரை எல்லைக்குள் இரத்தம் சிந்தக் கூடாது, பச்சை மரம் வெட்டக் கூடாது, உள்ளே இருப்பவர் எவரும் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேண்டுதல் பலிக்காது. மூன்று ஆண்டுகளாக வானத்தைப் பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்கு இது விளையாட்டான விதி அன்று.

செவ்வாய்க்கிழமை காலையில் பறையடித்துக்கொண்டு சுற்று கிளம்பியது. மூன்று மூலைகளும் முடிந்து, கிழக்கே போகும் வழியில் உள்ள கீழூற்றுக்கு வந்தார்கள். காட்டின் ஓரத்தில் இருக்கும் மேலூற்றுத்தான் கிழக்கு எல்லை. முன்னே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், அங்கே ஈரம்கூட இல்லை என்றான். அருணாசலம் சுற்றை நிறுத்தினார்.

"தண்ணியில்லாத எடத்துல எல்லை கட்ட முடியாது. கீழூத்துல மொண்டு இங்கேயே தெளிச்சுருங்க. இந்த வருசத்துக்கு இதுதான் எல்லை."

"மேலூத்து வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமுங்க மாமா. நான் வேணும்னா ஓடிப் போயிட்டு வாரேன்," என்றான் குப்புசாமி. அவனுடைய குரல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது.

"போயி என்னத்தத் தெளிப்ப? உன்ற வேர்வையையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கீழூற்று நீர் அங்கேயே தெளிக்கப்பட்டது. மேலூற்றுக்கும் கீழூற்றுக்கும் இடையே இருந்த முந்நூறு அடி நிலம், ஊர் தோன்றிய காலத்திலிருந்து முதன்முறையாக, எல்லைக்கு வெளியே போயிற்று. தம்பியின் முகம் வெளிறியதைச் சென்னம்மாள் கண்டாள். ஊற்று வற்றிய வருத்தம் என்று நினைத்துக்கொண்டாள். கோயிலில் அவன் கையில் அவள் காப்புக் கட்டினாள். அவள் கையில் அவன் கட்டினான். அவன் பார்வை கிழக்கே இருந்ததால் முடிச்சு கோணலாக விழுந்தது.

வியாழக்கிழமை விடிந்தபோது கிழக்கேயிருந்து ஓர் அலறல் கேட்டது. பிறகு மீண்டும் கேட்டது. அது என்ன விலங்கு என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. சென்னம்மாள் வெளியே வந்தபோது, குப்புசாமி இரு வீடுகளுக்கும் நடுவே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நான் பன்னிக்குத்தான் வெச்சேன்."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "எப்ப வெச்சே?"

"போன வாரம். குச்சிக்கெழங்கு முச்சூடும் தோண்டிப் போட்டுருச்சு அக்கா. எல்லை கட்டப் போறப்ப எப்படியும் மேலூத்துக்குப் போவோம், அப்பக் கையோட புடுங்கிக்கலாமுன்னு இருந்தேன். எல்லைக்குள்ள ரத்தம் விழக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? இவங்க பாதியில திரும்பிருவாங்கன்னு நான் எங்க கண்டேன்?"

"எதுல சுருக்குப் போட்டே?"

"மொபெட் பிரேக் ஒயருல."

வேலாம்பாறையில் மொபெட் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். ஒரு வாரமாக அது பிரேக் கம்பி இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றதை நாயும் கோழியும்கூட அறியும்.

அவள் கீழூற்றுக்குப் போனாள். மஞ்சள் நீர் காய்ந்த தடத்துக்கு இப்பால் நின்று பார்த்தாள். மேலூற்றின் பாறைக்கு அருகில் கறுப்பாக ஒன்று எழுந்தது, விழுந்தது, மீண்டும் எழுந்தது. வற்றிய ஊற்றைக் கரடி ஆழமாகத் தோண்டியிருந்தது. தண்ணீருக்காகத் தோண்டும்போது முன்னங்கால் சுருக்கில் சிக்கியிருக்க வேண்டும். இழுக்க இழுக்கக் கம்பி இறுகுவது, அது ஒவ்வொரு முறை அலறும்போதும் தெரிந்தது. பிறகு அலறலை நிறுத்திவிட்டுக் காலை நக்கிற்று. அவளுக்கும் அதற்கும் இடையே வேலி இல்லை, பள்ளம் இல்லை. காய்ந்த மஞ்சள் மட்டும் இருந்தது.

நேராக அருணாசலத்தின் வீட்டுக்குப் போனாள்.

"கேட்டுச்சுங்களா மாமா?"

"காது இன்னும் நல்லாத்தான் இருக்குது."

"ஆபீசுக்குச் சொல்லியாகணும். மயக்க ஊசி போட்டுத்தான் அவுக்க முடியும். நான் ஒருத்தி போயிட்டு வாரனுங்க."

"உன்ற கையில என்ன கட்டியிருக்குதுன்னு பாரு." அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கடினமாக இருந்தது. "இங்க நூத்திப்பத்து ஊட்டுக்காரங்க மூணு வருசமா மழைக்கு ஏங்கிக் கெடக்குறாங்க. ராமாயி ஒத்தக் கண்ணோட அரிசி பொடைச்சுக்கிட்டு இருக்கறா. ஒரு கரடிக்காக எல்லையை ஒடைக்கிறேன்னு அவகிட்டப் போயிச் சொல்லு. சொல்லிட்டு வா, நானே வழி உடுறேன்."

"அது செத்துப்போச்சுன்னா என்ற தம்பிக்குப் பல வருசம் செயிலுங்க."

"செத்தாத்தான் நல்லது. காப்பு அவுத்த அன்னைக்கே குழி வெட்டிப் பொதைச்சரலாம். நீயும் பார்க்கலே, நானும் பார்க்கலே."

"சனிக்கெழமை காவலர் ரோந்து வருவாருங்க. அவரு பார்ப்பாரு."

அருணாசலம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

அவள் வீட்டுக்குத் திரும்பிக் கணக்கிட்டுப் பார்த்தாள். சொன்னால் தம்பி மாட்டுவான். சொல்லாவிட்டால் கரடி சாகும். அப்போதும் தம்பி மாட்டுவான், இன்னும் பெரிய வழக்கில். உயிரோடு கரடி வெளியேறினால் மட்டுமே அவன் என்றாவது வீடு திரும்ப வழியுண்டு. எந்தக் கதவைத் திறந்தாலும் குப்புசாமியே நின்றான். அதற்கிடையே கிழக்கிலிருந்து அந்த அலறல் வந்துகொண்டிருந்தது. உலையில் அரிசி போட்டாள். வெந்ததை இறக்க மறந்தாள்.

நண்பகலில் தார்ச்சாலைப் பக்கம் ஜெய்லானியின் ஜீப் வந்து நின்றது. காளப்பநாயக்கன்பட்டியில் மலைச்சரக்குக் கடை வைத்திருக்கும் ஜெய்லானி, பலாப் பருவத்தில் வாரம் இருமுறை கொண்டையூசி வளைவுகளில் ஏறி வருபவர். காப்புக் காலத்தில் சாலையோரம் நட்டிருந்த எல்லைக்கல்லுக்கு வெளியே நின்றுகொள்வார். ஊரார் கல்லோரமாகப் பழங்களை அடுக்கிவிட்டுப் போவார்கள். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து அதுவே நடைமுறை. சென்னம்மாள் கல்லுக்கு உட்புறம் போய் நின்றாள்.

"என்ன தலைவியம்மா, கையெழுத்துப் போட்டாத்தான் பழம் தருவீங்களா?"

"பாய், வனச்சரக ஆபீசு உங்க வழியிலதானுங்களே?"

மேலூற்றுப் பக்கமிருந்து ஒலி வந்தது. ஜெய்லானியின் சிரிப்பு மறைந்தது.

"அக்கா, நான் பழம் ஏத்துற ஆளு. கேஸ் ஏத்துற ஆளு இல்லீங்க. நான் போயிச் சொன்னேன்னு தெரிஞ்சா, நாளைக்கு இந்த ஊருல ஒரு பலாக்கொட்டையாவது எனக்குக் குடுப்பாங்களா?"

"நீங்க சொல்ல வேண்டாம். தலைவி சொல்லச் சொன்னாள்னு சொல்லுங்க. என்ற பேரைச் சொல்லுங்க."

"கண்ணி வெச்சது யாருன்னு கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாதுதானுங்களே?"

ஜெய்லானி அவள் முகத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் தெரியாதுங்க. நீங்க கேட்ட கேள்வியிலதான் தெரிஞ்சுது," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு பாதிப் பழங்களைக் கல்லோரத்திலேயே விட்டுவிட்டு ஜீப்பைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் வனச்சரகர் ஆறு பேருடனும் சேலத்திலிருந்து வந்த மருத்துவருடனும் காட்டு வழியாகவே மேலூற்றுக்கு வந்து சேர்ந்தார். கீழூற்றில் ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. ராமாயியும் வந்து நின்றாள். ஊசி பட்ட கரடி மெல்லத் தலை சாய்த்தது. கம்பியை வெட்டினார்கள், காயத்துக்கு மருந்திட்டார்கள், வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து அது தள்ளாடி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் மரங்களுக்குள் நுழைந்தது. முன்னங்காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன என்றார் மருத்துவர்.

"எனக்கு ஒரு கண்ணு, அதுக்கு ரெண்டு வெரலு," என்றாள் ராமாயி. அதில் மகிழ்ச்சி இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வனச்சரகர் வெட்டிய கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு எல்லையருகே வந்தார். சம்பவ அறிக்கையில் வனக்குழுத் தலைவி கையெழுத்திட வேண்டும். இடத்தைப் பார்த்துக் கையெழுத்திட அவளை அப்பால் அழைத்தார். அவள் மணிக்கட்டைக் காட்டினாள். அவர் காகிதத்தை மஞ்சள் தடத்துக்கு மேலாக நீட்டினார். ஆறு ஆண்டுகளில் எத்தனையோ காகிதங்களில் அதிகாரிகள் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்திட்டிருந்தாள். இதைத்தான் முதல் வரியிலிருந்து படித்தாள். 'கண்ணி வைத்தவர்' என்பதற்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தது.

"பிரேக் ஒயர்," என்றார் வனச்சரகர். "ஊருக்குள்ள யாரு வண்டி நிக்குதுன்னு எனக்கும் தெரியும்மா. நான் எழுதினா நான் புடிச்ச மாதிரி. குழு எழுதினா குழு சொன்ன மாதிரி. கரடி உசுரோட போயிருச்சு, தகவல் உங்ககிட்டருந்து வந்துச்சுன்னு அதையும் எழுதறேன். கோர்ட்டுல அது அவனுக்கு நல்லது."

அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். மாதம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாத்தனாரிடம் ஓடி வந்தாள். "நங்கையா, வேண்டாமுங்க! தெரியாதுன்னு சொல்லிருங்க! கையைக் காலா நெனச்சுக் கும்புடறேன்!"

"அக்கா, எழுதுக்கா," என்றான் குப்புசாமி.

அவன் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கூட்டிப் போனவள் அவள். அதே பெயரை இப்போது எழுத்து எழுத்தாக எழுதினாள். கீழே தன் பெயரை எழுதினாள்.

காவலர் இருவர் குப்புசாமியை நோக்கி அடி எடுத்து வைத்தபோது, அருணாசலம் குறுக்கே வந்து நின்றார்.

"காப்பு அவுக்காம எங்க ஆளு எல்லை தாண்ட மாட்டானுங்க. செவ்வாக்கெழமை வாங்க. நானே கூட்டியாந்து உடுறேன்."

நேற்றுக் கரடியைச் சாகவிடப் பார்த்த விதி, இன்று தம்பிக்குக் காவலாக நின்றது. வனச்சரகர் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தார்; எல்லைக்கல் அருகே காவலர் இருவரை நிறுத்திவிட்டுப் போனார்.

அடுத்த நான்கு நாட்கள் குப்புசாமி ஊரைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தான். மேற்கே போவான், ஊற்று வந்ததும் திரும்புவான். வடக்கே போவான், திரும்புவான். சாலைப் பக்கம் மட்டும் போகமாட்டான். ஊர்ப் பெண்கள் சென்னம்மாளின் பொங்கல் பானைக்கு அடுப்புக்கல் வைக்க இடம் விடவில்லை. அவள் கோயிலின் பின்புறத்தில் தனியாகப் பொங்கினாள். மாதம்மாள் வேலியில் சேலை காயப் போட்டு, இரு வீடுகளுக்கும் இடையே மறைப்பு உண்டாக்கிக்கொண்டாள். கிழக்கிலிருந்து எந்த ஒலியும் இல்லை. அலறல் கேட்ட இரண்டு நாட்களைவிட இந்த அமைதியைத் தாங்குவது சென்னம்மாளுக்குக் கடினமாக இருந்தது. வெளியே போய்விடலாம் என்று தோன்றும். போக இடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை கோயிலில் எல்லோரும் காப்பு அவிழ்த்தார்கள். மழை வரவில்லை. குப்புசாமி எல்லைக்கல் அருகே வந்து, அவள் முன் கையை நீட்டினான். முடிச்சு எட்டு நாள் வேர்வையில் ஊறி இறுகியிருந்தது.

"பதறாம அவுருக்கா. ஒண்ணும் அவசரமில்லே."

அவள் நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்தாள். கயிறு கையோடு வந்தது. காவலர் ஜீப்பைக் கிளப்பிவிட்டார். குப்புசாமி மாதம்மாளிடம் ஏதோ சொல்லிவிட்டு, கல்லைத் தாண்டி ஏறி உட்கார்ந்தான். முதல் வளைவில் ஜீப் மறைந்த பிறகுதான், அவன் கட்டிய காப்பு இன்னும் தன் கையில் இருப்பதைச் சென்னம்மாள் உணர்ந்தாள். கட்டியவன் அவிழ்க்காமல் போய்விட்டான்.

"கொண்டா, நான் அவுத்து உடுறேன்," என்றார் அருணாசலம். அவர் குரலில் முதன்முறையாகத் தயக்கம் இருந்தது.

"வேண்டாமுங்க மாமா. விதி எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே?"

அன்றிலிருந்து அவள் எல்லையைத் தாண்டவில்லை. சந்தைக்குப் போகவில்லை, வனக்குழுக் கூட்டத்துக்கும் போகவில்லை, காகிதங்கள் எல்லைக்கல்லுக்கு வந்தன, அவளும் படித்துப் படித்துக் கையெழுத்திட்டாள். ஜாமீன் கிடைத்ததும் இவ்வளவு நாளில் வந்துவிடுவான் என்று ஜெய்லானி வாரந்தோறும் ஒரு கணக்குச் சொன்னார். வாரந்தோறும் அது தள்ளிப் போயிற்று. மஞ்சள் வெளுத்துக் கயிறு நூல் நூலாகப் பிரிந்தது. முடிச்சு மட்டும் விடவில்லை.

ஆடி நடுவில் ஒரு மழை பெய்தது. இரண்டு நாள் கழித்து ரோந்து வந்த காவலர் கீழூற்றுக்கு அப்பால் நின்று கூப்பிட்டார்.

"அம்மா, மேலூத்துல தண்ணி தெளிஞ்சு நிக்குது. பக்கத்துல சேத்துல மூணு வெரல் தடம் பார்த்தேன்."

சென்னம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கீழூற்றுவரை வந்தாள்.

"அடிபட்ட காலை நல்லா ஊனி நடந்திருக்குதுங்களா?"

"நல்லா அழுத்தமாத்தான் இருந்துச்சு. வந்து பாருங்களேன், இங்கேருந்து ஒரு எட்டுத்தான்."

அவள் கிழக்கே பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். "நீங்க பார்த்தாப் போதுமுங்க," என்று சொல்லிவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு சாமைக்காட்டுக்குத் திரும்பினாள்.